சிப்பிக்குள் இருந்த நண்டும் அருவிக்கரை நண்டும்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். காலைச் சந்தையில் இரண்டு கிலோ பச்சைச் சிப்பி, நம் ஊரில் சீப்புட் சூடு என்போமே அது, வாங்கி வந்து செராய் (எலுமிச்சைப்புல்) தட்டிப் போட்டு வேகவைத்திருக்கிறார். மகன் ஒரு சிப்பியைத் திறந்தால் உள்ளே பட்டாணி அளவில் ஒரு நண்டு. சட்டியைக் கிளறினால் இன்னும் இரண்டு. மாமியார் சட்டியோடு கொட்டச் சொல்ல, கணவரோ அதற்குள் ஒரு தட்டு முடித்துவிட்டாராம். இது ஒட்டுண்ணியா, எல்லாரும் பூச்சி மாத்திரை போட வேண்டுமா, கணவர் சார் குவே தியாவில், அந்த வறுத்த தட்டை நூடுல்ஸில், ரத்தம் வடிய வடியத் தின்கிற கெராங் என்ற சேற்றுச் சிப்பியிலும் இப்படி ஏதாவது இருக்குமா என்பது கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: "என் கொழுந்தனார் பாலிங் பக்கம் அருவிக்குப் போனால் நண்டு பிடித்து அங்கேயே நெருப்பில் வாட்டித் தின்பார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கடைசி வரிதான். ஆனால் அதை முதலில் சொன்னால் புரியாது. நண்டிலிருந்தே வருகிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சிப்பி திறந்து, உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. சிப்பிக்குள் நண்டைப் பார்த்து அலறிய புதுப் பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர். அது பட்டாணி நண்டு. ஒட்டுண்ணிதான், சந்தேகமில்லை. ஆனால் சிப்பிக்கு ஒட்டுண்ணி, உங்களுக்கு இல்லை. குஞ்சாக இருக்கும்போது ஓட்டின் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்துவிடும். சிப்பி தண்ணீரை வடிகட்டி, செவுளில் சளி நூலாகக் கோத்து வாய்க்கு அனுப்புகிற தீனியை இது வழியிலேயே உருவித் தின்னும். பெண் நண்டு ஒருமுறை குடியேறினால் அப்புறம் வெளியே வருவதே இல்லை. பாதுகாப்புக்குச் சிப்பியின் ஓடு இருக்கிறதே, தனக்கெதற்கு என்று அதன் ஓடு மெத்தென்று ஆகிவிடும். விரலால் அழுத்தினால் வேகவைத்த பட்டாணி மாதிரி அமுங்கும். உடம்பே கண்ணாடி போலிருப்பதால் உள்ளே முட்டை இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். ஆண் சின்னது, ஓடு கெட்டியானது, ஊர் சுற்றுவது. நியூசிலாந்தில் இதை இரவில் படம்பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆண் நண்டு பெண் இருக்கும் சிப்பியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, அது வாய் திறக்கும் வரை மணிக்கணக்கில் காலால் கூச்சம் காட்டிக்கொண்டே இருக்குமாம். கதவைத் தட்டித் தட்டித் திறக்க வைக்கிற மாப்பிள்ளை!

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சிப்பிக்குள் கிடைக்கும் இதே குடும்பத்து நண்டைத் தனியாகப் பொறுக்கிப் பொரித்துத் தின்பது ஒரு காலத்தில் பணக்கார விருந்து. ஆக, உங்கள் கணவர் தெரியாமல் ஒன்றிரண்டை மென்று விழுங்கியிருந்தாலும் ஒன்றும் இல்லை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் கவனம். சிப்பி ஒத்துக்கொண்டாலும் இது நண்டு அல்லவா? மற்றபடி அந்தச் சிப்பிகளில் சதை கொஞ்சம் மெலிந்திருக்கும், அவ்வளவுதான் நஷ்டம். மாத்திரை வேண்டாம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் பயந்ததிலும் தப்பில்லை. வேறு இடத்தில் பயப்பட வேண்டிய பயம் அது.

எந்த இடத்தில் பயப்படுவது என்று கண்டுபிடிக்க நான் எப்போதும் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு. இந்த ஜீவன் யாருக்காகக் காத்திருக்கிறது?

நிறைய ஒட்டுண்ணிகளுக்கு ஒரே வீட்டில் வாழ்க்கை முடிவதில்லை. முட்டையாக ஓரிடம், குஞ்சாக இன்னோரிடம், வளர்ந்த புழுவாக மூன்றாமிடம். சிப்பிக்குள்ளோ நண்டுக்குள்ளோ நாம் காண்பது பெரும்பாலும் நடுவழியில் நிற்கிற குஞ்சு. அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கிற பயணி மாதிரி, இந்தச் சிப்பியைத் தின்னப்போகும் ஆள் யாரோ அவர் வயிற்றுக்காகக் காத்திருக்கிறது. அந்த ஆள் ஒரு திருக்கையாக இருந்தால், நம் சூடான வயிற்றில் அதற்குப் பிழைக்க வழியில்லை. பறவையாகவோ பூனையாகவோ புலியாகவோ இருந்தால், அந்தப் புழுவுக்கு நம் குடலும் அவ்வளவு அந்நியமில்லை. பட்டாணி நண்டு யாருக்காகவும் காத்திருக்கவில்லை, அதன் வாழ்க்கை அங்கேயே முடிகிறது. அதனால்தான் முதலிலேயே பயப்படாதீர்கள் என்றேன்.

திருக்கைக்காகக் காத்திருப்பதற்கு நம் ஆட்களுக்கு நெருக்கமான உதாரணம் மன்னார் வளைகுடா முத்துச் சிப்பி. பாண்டியன் காலத்துக் கொற்கையிலிருந்து பேசப்படுகிற முத்து. 1902ல் முத்துப் படுகை ஏன் அடிக்கடி பொய்த்துப் போகிறது என்று பார்க்க ஹெர்ட்மன் என்ற விலங்கியலாளரை இலங்கைக்கு வரவழைத்தார்கள், ஜேம்ஸ் ஹார்னெல் உதவியாளர். சிப்பிச் சதைக்குள் கடுகளவு வெள்ளை உருண்டைகளைக் கண்டார்கள். நாடாப்புழுவின் குஞ்சுகள். இதைச் சுற்றித்தான் முத்து உருவாகிறது, இந்தப் புழு பெரிதாவது சிப்பியைத் தின்னும் திருக்கையின் குடலில் என்றார்கள். ராணிகள் கழுத்தில் போட்டதெல்லாம் புழுவின் சமாதியா என்று அப்போது பெரிய பேச்சு. பிற்பாடு அந்தக் கொள்கை அவ்வளவாக நிற்கவில்லை. முத்துக்குக் காரணம் பெரும்பாலும் சிப்பியின் மேல்தோல் செல்கள் உள்ளே தள்ளப்படுவதுதான் என்கிறார்கள். ஆனால் அந்த நாடாப்புழுக் குஞ்சு பொய்யில்லை. வெப்பக் கடல் சிப்பிகளில் உலகம் முழுக்க அது இருக்கிறது, நானே எண்ணிச் சலித்திருக்கிறேன். அது காத்திருப்பது திருக்கைக்கும் சுறாவுக்கும். நீங்கள் தின்றால் அதற்குத்தான் கெட்ட காலம்.

இதே வரிசையில் சமையலறையில் கண்ணில் படுகிற வேறு சில உண்டு. இறாலுக்கு ஒரு கன்னம் மட்டும் புடைத்திருக்கும், பல் வலிக்காரன் முகம் மாதிரி. ஓட்டை நீக்கினால் செவுளில் தட்டையாக ஒரு பூச்சி ஒட்டியிருக்கும். அது பெண். உற்றுப் பார்த்தால் அதன் மேலேயே அரிசி நொய்யளவில் ஆண். பிய்த்துப் போட்டுவிட்டுச் சமைக்கலாம். சேற்று நண்டைக் கழுவும்போது பஞ்சு போன்ற செவுளில் குட்டிக் குட்டியாகக் காம்பு வைத்த வெள்ளை மொட்டுகள் தெரியும். அவை கொட்டலசு இனம், படகின் அடியில் ஒட்டுவதற்குச் சொந்தம். செவுளை எப்படியும் நாம் வீசிவிடுகிறோம். சதை வெந்தது போலப் பால் வெள்ளையாக இருக்கும் பச்சை இறாலை வாங்கியிருந்தால் அதற்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். உங்களைத் தொடாது, ஆனால் சமைத்தால் கூழாகிப் போகும். வாங்காமல் இருப்பது நல்லது. பண்ணை இறாலில் அதன் சொந்தக்காரன் ஒன்று, 2009ல் தாய்லாந்தில் பெயர் வைக்கப்பட்டது, இறாலை வளரவே விடாமல் அடிக்கிறது. பண்ணைக்காரர் கண்ணீர் வடிக்கிறார். நமக்கு இறால் சின்னதாகக் கிடைக்கிறது, அவ்வளவே.

சிப்பிக்கென்றே இருக்கும் கொடிய நோய்களையும் சொல்லிவிட்டுப் போகலாம், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1957ல் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவிலும் இரண்டு வருடம் கழித்துப் பக்கத்துச் செசபீக் விரிகுடாவிலும் ஒரு செல் ஒட்டுண்ணி புகுந்து சிப்பிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. தலைமுறை தலைமுறையாகச் சிப்பி வாரிய குடும்பங்கள் தொழிலை விட்டன. அது கடல் உப்பு ஏறிய தண்ணீரில் ஆட்டம் போடும். மழை கொட்டி ஆற்று நீர் இறங்கி உப்பு குறைந்தால் பின்வாங்கும். அதனால் அங்கே நல்ல மழை வருடம் சிப்பிக்கு நல்ல வருடம். மனிதனுக்கோ அதைத் தின்றாலும் ஒன்றுமில்லை. ஆக, சிப்பியின் எதிரி உப்பு கூடுகிற பக்கம் இருக்கிறான். நம் எதிரிகள் பெரும்பாலும் உப்பு குறைகிற பக்கம்தான், ஆற்று வாய், சாக்கடை, வயல், அருவி என்று மேலே போகப் போக. கடற்கரையிலிருந்து மலையை நோக்கி நடக்க நடக்க என் கவலை கூடும்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றை மறைக்கக் கூடாது. 1988ல் தென்கொரியாவில் கணைய அழற்சியோடு வந்த ஒரு பெண்ணின் மலத்தில் யாரும் அதுவரை காணாத முட்டைகள் இருந்தன. தேடிப் போனால் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு தட்டைப்புழு. 1993ல் அதற்கு ஜிம்னோஃபலாய்டஸ் சியோய் என்று பெயர் வைத்தார்கள். தென்மேற்குத் தீவு ஒன்றின் கிராமத்தில் சோதித்தால் ஏறக்குறையப் பாதிப் பேர் வயிற்றில் இருந்தது. காரணம் பச்சையாகத் தின்ற கடல் சிப்பி. யாருக்காகக் காத்திருந்தது? கரையில் சிப்பி குத்தித் தின்கிற ஒரு பறவைக்காக. பறவையின் சூடான குடலுக்குத் தயாராக நின்ற புழு, மனிதக் குடலையும் தன் வீடென்று எடுத்துக்கொண்டது. கடல் சிப்பியில் புழு வராது என்று சொல்கிற கடைக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லலாம். நட்சத்திர ஹோட்டல் பஃபேயில் ஐஸ் மேல் அடுக்கி, எலுமிச்சைத் துண்டோடு வருகிறதே, அந்தச் சிப்பி எந்த நாட்டுக் கரையிலிருந்து வந்தது என்று கேட்கப் பழகுங்கள். எலுமிச்சை பிழிந்தால் புழு செத்துவிடும் என்பது சும்மா பேச்சு. சில்லிச் சாற்றுக்கும் அது சாகாது.

சரி, கெராங்.

இந்தக் கேள்விக்குப் பினாங்கில் பதில் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். பாதி வெந்த கெராங் இல்லாத சார் குவே தியாவைத் தட்டோடு திருப்பிக் கொடுப்பவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. முதலில் அந்த ரத்தம். மற்றச் சிப்பிகள் பலவற்றுக்கு ரத்தம் நிறமற்றது. கெராங்குக்கு நம்மைப் போலவே ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் புதைந்து வாழ்வதற்கு அது உதவி. சிவப்பாக வடிந்தால் புதுசு என்று அர்த்தமில்லை, வேகவில்லை என்றுதான் அர்த்தம்.

கெராங் வளர்ப்பு நம் நாட்டில் 1948ல் பேராவின் பாகான் பஞ்சோரில் தொடங்கியது. பினாங்கில் என்றால் ஜூரு. 1970களில் பிறைத் தொழிற்பேட்டைக் கழிவு ஆற்றில் கலந்து மீன் அற்றுப்போக, கோலா ஜூரு மீனவர்கள் பிழைப்புக்குக் கெராங் வளர்ப்பில் இறங்கிய கதை இங்கே வயதானவர்களுக்குத் தெரியும். நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கெராங் விளைவது ஆறு கடலில் விழுகிற இடத்துச் சேற்றில். மேலே ஊர், கீழே சேறு. ஊர் கழுவிவிடுகிற எல்லாம் முதலில் இறங்குவது அங்கேதான். கெராங் அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, வெளியே விடுகிறது. ஒரு சாதாரணச் சிப்பி மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் வடிகட்டும். தண்ணீரில் கோடியில் ஒன்றாக இருந்தது அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

எதெல்லாம் சேரும்? நமக்கு வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா ஆகியவற்றின் உறைகள். முதலாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான், குளோரினுக்கே அசையாது. அப்புறம் பூனை மலத்திலிருந்து வருகிற டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. கலிபோர்னியாக் கடலோரத்தில் கடல் நீர்நாய்கள் மூளை வீங்கிச் செத்து ஒதுங்கின. கரையில் பூனை போட்டதை மழை கடலுக்கு அடித்துக்கொண்டு போனதுதான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். பூனை கடலுக்குப் போகவே இல்லை, பாருங்கள். நம் மீன் சந்தைகளில் பூனைக்குப் பஞ்சமா? கர்ப்பிணிகள் அரைவேக்காட்டுச் சிப்பியைத் தொடாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும். இவையெல்லாம் கெராங்கின் ஒட்டுண்ணி அல்ல. கெராங் வெறும் சல்லடை. சல்லடையில் தங்கியது நம்முடையதும் நம் பூனையுடையதும்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், கெராங்கில் என் முதல் பயம் ஒட்டுண்ணியே அல்ல, வைரஸ். 1988ல் ஷாங்காயில் சில வாரங்களில் சுமார் 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை, ஹெப்படைட்டிஸ் ஏ. நம் கெராங்குக்கு ஒன்றுவிட்ட தம்பியான ஒரு சிப்பியைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கித் தின்கிற பழக்கம்தான் காரணம். நம் கடைகளில் நடப்பதும் அதே முக்கல். ஒருமுறை ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, சட்டிக்காரர் கெராங் போட்டதிலிருந்து தட்டுக்கு வந்தது வரை கைக்கடிகாரத்தில் பார்த்தேன். பதினாறு வினாடி. பிரிட்டனில் சிப்பி பதப்படுத்தும் ஆலைகளுக்கு உள்சதை 90 டிகிரி சூட்டில் 90 வினாடி நிற்க வேண்டும் என்பது அளவு. பதினாறு எங்கே, தொண்ணூறு எங்கே! அன்றைக்கு நான் அதைச் சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள்.

உங்கள் கணவரிடம் கெராங்கை விடச் சொல்லிப் பிரயோஜனமில்லை. "தவுக்கே, கெராங் மாத்தாங்", அதாவது முதலாளி, கெராங் நன்றாக வேகட்டும் என்று சொல்லப் பழக்குங்கள். கெராங் கொஞ்சம் ரப்பராகும், உயிர் போகாது. கூடவே ஹெப்படைட்டிஸ் ஏ தடுப்பூசி இருக்கிறது, மருத்துவரிடம் கேட்கலாம்.

வேகவைத்தாலும் போகாத ஒன்றை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால் தப்பு. கடலில் நுண்பாசி பெருகுகிற சிவப்பலை காலத்தில் சிப்பிக்குள் சேர்கிற நஞ்சு புழுவுமல்ல, கிருமியுமல்ல. கொதிக்க வைத்தாலும் அப்படியே இருக்கும். உதடு மரத்து, மூச்சுத் தசை நின்றுபோகிற விஷம். சபாவில் 1976லிருந்து அந்தத் தொல்லை. மேற்குக் கரையில் 1991ல் மலாக்காவின் செபாத்துவில், பிறகு 2024ல் போர்ட்டிக்சனில். மீன்வளத் துறை சிப்பி எடுக்காதே என்று அறிவித்தால் அன்றைக்குப் பேரம் பேசாமல் கோழி வாங்கிவிடுங்கள்.

இனி நன்னீர். உங்கள் கொழுந்தனார்.

1878ல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் செத்துப்போன வங்கப் புலியின் நுரையீரலை அறுத்தவர், உள்ளே காப்பிக் கொட்டை அளவில் தட்டைப்புழுக்களைக் கண்டார். பாராகோனிமஸ் வெஸ்டர்மனி என்று இப்போது பெயர், காட்சிசாலைத் தலைவரின் நினைவாக. புலிக்கு எங்கிருந்து வந்தது? ஆற்று நண்டிலிருந்து. புழுவின் முட்டை புலியின் சளியோடு இருமலில் வெளியேறி, மலத்தோடு போய் ஓடையில் விழும். பொரித்த குஞ்சு ஒரு நத்தைக்குள் புகும். அங்கே பெருகி வெளியே வந்து நன்னீர் நண்டின் தசைக்குள் உருண்டையாகச் சுருண்டு படுத்துக்கொள்ளும். அங்கேதான் அது காத்திருக்கிறது. புலிக்காக, காட்டுப்பூனைக்காக. நெருப்பில் அரைகுறையாக வாட்டித் தின்கிற மனிதனும் வந்தால் அதற்கு வித்தியாசம் தெரியாது. குடலைத் துளைத்து, வயிற்றறையைக் கடந்து, உதரவிதானத்தைத் துளைத்து நுரையீரலில் போய் உட்காரும். மாதக்கணக்கில் இருமல், துரு நிறச் சளி, சில நேரம் ரத்தம். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பார்கள், குணமாகாது. இந்தியாவில் மணிப்பூர், நாகாலாந்துப் பக்கம் இதன் நெருங்கிய உறவுக்காரப் புழுவால் அப்படிக் காசநோயாளி என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் பலர். மலை ஓடை நண்டைத் தின்கிற ஊர்கள் அவை. நம் நாட்டுக் காட்டு ஓடை நண்டுகளிலும் இந்தப் புழுவின் குஞ்சைக் கண்டிருக்கிறார்கள். மனித நோயாளிகள் இங்கே மிகக் குறைவு. காரணம் நண்டு சுத்தம் என்பதல்ல. நம் ஆட்கள் நண்டை மிளகாய் போட்டுக் குழம்பாகக் கொதிக்க வைப்பதுதான்.

அதனால் "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பதற்கு என் பதில்: நெருப்பில் வாட்டும்போது ஓடு கருகும், கால் மூட்டுக்குள் சதை கண்ணாடி மாதிரியே இருக்கும். அடுத்த தடவை அவர் பிய்க்கும்போது பாருங்கள். தோள்பட்டை மூட்டை உடைத்தால் சதை வெள்ளையாக, நாராகப் பிரிய வேண்டும். வழவழவென்று இழுபட்டால் அது வெந்ததல்ல. நண்டை நசுக்கிய கல்லும் கையும்கூட ஆபத்து, அதே கையால் வாழைப்பழம் உரிப்போம் அல்லவா? ஒரு பானையைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் கிடந்தால் முடிந்தது கதை. அவருக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் விடாத இருமல் இருந்தால், மருத்துவரிடம் போகும்போது "நான் ஆற்று நண்டு தின்கிறவன்" என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்காமல் அந்த மருத்துவருக்கு அது தோன்றாது. கண்டுபிடித்துவிட்டால் இரண்டு மூன்று நாள் மாத்திரையில் போகிற நோய் அது. கடையில் கிடைக்கிற வழக்கமான பூச்சி மாத்திரை இந்தத் தட்டைப்புழுவுக்குப் பொருத்தமானதல்ல, அதனால் நீங்களாக வாங்கிப் போட்டு நிம்மதி அடையாதீர்கள்.

அருவியோடு நத்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். சுங்கைப்பட்டாணி பக்கம் எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த கான் வாய்க்காலில் மழை முடிந்ததும் வாளியோடு இறங்குவோம். பாட்டி அந்த நத்தைகளை அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு தண்ணீர் மாற்றி, மூன்றாவது தண்ணீரில் விறகு ஒரு கட்டை எரிந்து தீரும் வரை கொதிக்க விடுவார். "அவசரப்பட்டா தலை சுத்தும்டா" என்பார். நாங்கள் சிரிப்போம். பின்னால் படித்தபோதுதான் தலைக்கும் நத்தைக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டென்று தெரிந்தது. எலியின் நுரையீரல் ரத்தக்குழாயில் வாழும் ஓர் உருளைப்புழு, அதன் குஞ்சு எலிப்புழுக்கையிலிருந்து நத்தைக்குள் போய் இன்னோர் எலிக்காகக் காத்திருக்கும். மனிதன் வேகாமல் தின்றால் அந்தக் குஞ்சு வழி தவறி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய் மாட்டிக்கொள்ளும். தாங்கமுடியாத தலைவலி, கழுத்து இறுக்கம், தோலெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி. தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை நத்தையைக் கொத்தித் தின்கிற ஊர்களில் இது பழைய நோய். இந்தப் புழுவின் உறவு ஒன்றுக்கு 1971ல் நம் நாட்டின் பெயரையே வைத்தார்கள், ஆஞ்சியோஸ்ட்ராஞ்சைலஸ் மலேசியென்சிஸ். அதற்கும் முன்னால் 1911லேயே மனிதக் குடலில் கண்ட, நத்தை வழியாக வருகிற ஒரு தட்டைப்புழுவுக்கு எக்கினோஸ்டோமா மலயானம் என்று பெயர். புழு உலகத்தில் நமக்கு மரியாதை அதிகம்தான்.

எலிப்புழு நத்தையைத் தின்கிற நன்னீர் இறாலிலும் நண்டிலும்கூடத் தங்கியிருக்கும். தோட்டத்துக் கீரையில் ஊர்கிற குட்டி ஓடில்லா நத்தையும் இதே வண்டி. பச்சையாகச் சாப்பிடும் உலாம் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவுவது அதனால்தான்.

சேற்றுச் சதுப்பில் கிடைக்கிற, வால் வெட்டி உறிஞ்சித் தின்கிற சீப்புட் செடுட் நத்தை பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். தேங்காய்ப்பாலில் கொதிக்க விட்டுத்தான் எல்லாரும் சமைக்கிறார்கள். கொதி வந்ததும் இறக்காமல் இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் போதும்.

உங்கள் சிப்பிக்கு மறுபடி வருகிறேன். ஓடு திறந்த உடனே வெந்துவிட்டது என்று அடுப்பை அணைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. சிப்பி திறப்பது அதன் தசை சூட்டில் விட்டுவிடுவதால், உள்ளே சூடு ஏறிவிட்டது என்பதற்கு அது சாட்சியில்லை. திறந்த பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். சமைக்கும் முன்பே வாய் பிளந்து, தட்டினாலும் மூடாததை எடுத்து வீசுங்கள். இரண்டு கிலோவை ஒரே சட்டியில் திணித்தால் நடுவில் இருப்பது வேகாது, இரண்டு தடவையாகப் போடுங்கள்.

மிச்சமிருப்பதைக் கொட்டாமல் குளிர்பெட்டியில் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். ஆறிய உடனே வைத்திருந்தால் நாளைக்குள் நன்றாகச் சுடவைத்துச் சாப்பிடலாம். அந்த மூன்று நண்டுகளையும் திசுத் தாளில் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அவற்றை மருந்தகத்தில் வாங்கிய ஸ்பிரிட்டில் சின்னப் போத்தலில் போட்டு மகனிடம் கொடுங்கள். முன்பக்கம் ஊசிமுனை அளவில் இரண்டு கண், வயிற்றுப்பக்கம் அகலமான மடிப்பு. மடிப்பை ஊசியால் மெல்லத் தூக்கினால் முட்டை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.